கோக்கா எந்தப் பக்கம் விழும்

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் என் வாயிலிருந்து வருகிற பேச்சு அவ்வளவுதான்: டோக்கன் எடுங்க, ஹெல்மெட்டைக் கழட்டுங்க, மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு. இதையே தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை. சித்தூரில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி நான். துணை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கிடைத்த வேலை. அந்தத் துப்பாக்கியை வைத்து இதுவரை ஒரு காக்காயைக்கூட நான் பயமுறுத்தியதில்லை. நகைக்கடனுக்கு வரும் பெண்கள் அதன் மேலேயே பையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தங்கள் எண் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சும் கிடையாது. மாங்கூழ் ஆலைகள் இருக்கிற பக்கம் ஒரே ஒரு அறை. சீசனில் சுவரெல்லாம் மாம்பழ வாசம் அடிக்கும், மற்ற மாதங்களில் அதுவும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பெங்களூரில் இருந்து கூப்பிடுவாள். "துன்னியா நைனா?" என்பாள். துன்னேன்மா என்பேன். "மாத்திரை?" போட்டேன்மா. அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். அவளைக் குறை சொல்லவில்லை. என்னிடம் கேட்பதற்கு அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆக, வாய்விட்டுப் பேச எனக்கு ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு விஷயம். ஆள், என்னோடு ஒரே பேட்சில் படையில் சேர்ந்தவன். விஷயம், இரண்டு துப்பாக்கிகளில் எது நல்லது என்பது. அந்த இரண்டையும் நாங்கள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஃபோனில் பார்த்ததுதான். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. அந்தச் சண்டை தீர்ந்துபோனால் வாரம் முழுக்க நான் டோக்கன் எடுங்க என்று சொல்லிக்கொண்டே செத்துப்போவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அது தீராமல் பார்த்துக்கொண்டேன்.

அவன் நகரியில் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. நான் விஜயபுரம் பக்கம், காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவன். இரண்டு பேரும் படித்தது தெலுங்கு மீடியம். சண்டை மட்டும் தமிழில். ஓய்வுக்குப் பிறகு அவன் திருப்பதியில் மகன் வீட்டோடு இருந்துவிட்டான், நான் சித்தூருக்கு வந்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் பாகாலா ஜங்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அங்கிருந்து ஒரு ரயிலில் வருவான், நான் இங்கிருந்து ஒன்றில் போவேன். பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வரை கத்திவிட்டு அவரவர் ரயிலில் திரும்புவோம். பாகாலா ஊருக்குள் நாங்கள் காலே வைத்ததில்லை.

சண்டை தொடங்கியது அவன் அனுப்பிய ஒரு வீடியோவில். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வெட்டவெளியில் நின்று இரண்டு புல்பப் துப்பாக்கிகளைச் சுட்டுக் காட்டினான். சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் மேகசின் விசைக்கு முன்னால் இருக்கும். புல்பப்பில் அது விசைக்குப் பின்னால், கிட்டத்தட்ட நம் அக்குள் பக்கம் போய்விடும். அதனால் குழலைக் குறைக்காமலே மொத்தத் துப்பாக்கியும் குட்டையாகிவிடும். வண்டியில் இருந்து குதிக்கவும், வாசப்படிக்குள் நுழையவும் வசதி. இப்படிக் குட்டையானவை வழக்கமாகச் சின்னத் தோட்டாவுக்குத்தான் வரும். இவை இரண்டும் பெரிய தோட்டாவுக்குச் செய்தவை, செவன் சிக்ஸ் டூ. நாங்கள் சேர்ந்த காலத்தில் எங்களைத் தோளில் உதைத்து உதைத்து மனுசராக்கிய அதே தோட்டா. அவ்வளவு பெரியது இவ்வளவு குட்டையான துப்பாக்கிக்குள் போகிறதே என்று இருவருக்கும் வாயெல்லாம் பல்.

அதோடு ஒற்றுமை முடிந்தது. இரண்டில் ஒன்று இஸ்ரேல்காரன் செய்தது, மற்றது அமெரிக்காக்காரன் செய்தது. சுட்ட பிறகு வெளியே வந்து விழும் காலி ஓட்டுக்கு எங்கள் படையில் கோக்கா என்று பெயர். இஸ்ரேல் துப்பாக்கியில் கோக்கா பக்கவாட்டில் விழும். வலது பக்கமா இடது பக்கமா என்று முதலிலேயே கழற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் துப்பாக்கியிலோ கோக்கா உள்ளுக்குள்ளேயே ஓடி, முன்பக்கமாக விழும். எந்தத் தோளில் வைத்துச் சுட்டாலும் ஒன்றுதான்.

அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் பீச்சாங்கைக்காரன். சாப்பிடுவது தவிர எல்லாமே இடது கை. படையில் சேர்ந்த அன்றைக்கே உஸ்தாத், அதாவது எங்கள் ஆயுதப் பயிற்சிக்காரர், என் துப்பாக்கியை இடது தோளில் இருந்து பிடுங்கி வலது தோளில் அறைந்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை என் உடம்பு ஒரு பக்கம் கேட்கும், துப்பாக்கி ஒரு பக்கம் இருக்கும். நீ எந்தக் கை என்று கேட்காத ஒரு துப்பாக்கியை எவனோ ஒருவன் யோசித்து யோசித்துச் செய்திருக்கிறான். அவன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று சொன்னேன்.

"கிழிஞ்சது போ" என்றான் அவன். "கோக்கா உள்ளயே மாட்டிக்கினா இன்னா பண்ணுவ? கண்ணால பாக்க முடியுமா? வெரல வுட்டு இழுக்க முடியுமா?"

அவன் கேட்பதற்கும் காரணம் இருந்தது. ஒரு தடவை காட்டில், மழையில், அவன் துப்பாக்கியில் கோக்கா பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் வெறும் விரலால் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் சுட்டான். பக்கத்தில் படுத்திருந்தவன் நான். அந்த விரல்நுனி வெந்து, இன்றைக்கும் ரேகை இல்லாமல் வழவழவென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோக்கா ஓடுகிறது என்றாலே அவனுக்கு ஆகாது.

"இஸ்ரேல்காரன் துப்பாக்கிய உன் கைக்குத் தோதா மாத்திக்கயேன்டா, யார் வேணான்னாங்க?" என்று இஸ்ரேல் பக்கம் பேசினான்.

"மாத்த எவன் வுடுவான்? நம்ம உஸ்தாத் ஒரு ஸ்க்ரூவத் தொட வுட்டிருப்பானா? கைக்கு வந்தத வாங்கிக்கினு போன்னுதானே தொரத்துவான்?"

ஒரு பக்கம் மடக்கினால் வேறு பக்கம் வந்து கடிப்பான். "சரி, ரேஞ்சுல சுடற. கோக்கா மொத்தமும் முன்னாடி போய் வுழுது. எவன்டா போய்ப் பொறுக்கறது? உன் அமெரிக்காக்காரனா?"

வெளியாருக்கு இது புரியாது. எங்கள் படையில் பயிற்சிக்குச் சுட்டு முடித்ததும் எத்தனை தோட்டா வாங்கினோமோ அத்தனை கோக்காவையும் பொறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள், மொத்தப் பேரும் வெயிலில் குப்புற விழுந்து புல்லைத் துழாவ வேண்டும். சுடுகிற வரிசைக்கு முன்னால் கோக்கா விழுந்தால், எல்லோரும் சுட்டு ஓயும் வரை ஒருவனும் அங்கே போக முடியாது. உலகத்திலேயே ஒரு துப்பாக்கியை இந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று சொன்னவன் என் நண்பன் ஒருவனாகத்தான் இருப்பான். வீடியோவில் பேசிய வெள்ளைக்காரனுக்கு இது தோன்றவே இல்லை. அவன் பாட்டுக்குக் கோக்காவை மிதித்துக்கொண்டு நடந்தான்.

படையில் ஆயுதம் பற்றி வாயால் மட்டும் பேசினால் யாரும் மதிக்க மாட்டார்கள், செய்து காட்ட வேண்டும். அதனால் நாங்கள் குடை கொண்டுபோனோம். என் குடை நீளம், வளைந்த கைப்பிடி. அது சாதாரணத் துப்பாக்கி. அவனுடையது மடக்குக் குடை, அதுதான் புல்பப். மேகசினுக்கு முதலில் வாழைப்பழம் வைத்துப் பார்த்தேன். "செவன் சிக்ஸ் டூ மேகசின் இவ்ளோ வளையாதுடா முண்டம்" என்று பிடுங்கித் தின்றுவிட்டான். பிறகு பிஸ்கட் பாக்கெட்டுக்கு மாறினோம். மடக்குக் குடையைத் தோளில் வைத்து, பிஸ்கட் பாக்கெட்டை அக்குளுக்குள் சொருகி எடுப்பான். "பாரு, மேகசின் மாத்தறதுக்கே மனுசன் கோழி மாதிரி றெக்க அடிக்கணும்." விசை ஓரிடம், உள்ளே அடிக்கிற பாகம் இன்னோரிடம், நடுவில் ஒரு கம்பி இழுக்கிறது, பழைய சைக்கிள் பிரேக் மாதிரிதான் தொளதொளவென்று இருக்கும் என்பான். அது இரண்டு துப்பாக்கிக்குமே பொருந்துமேடா என்றால் பேச்சை மாற்றிவிடுவான்.

ஒரு ஞாயிறு அவன் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று மடக்குக் குடையை நீட்டிக்கொண்டிருக்க, நான் பெஞ்சுக்கு அடியில் படுத்து நீளக்குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே போலீஸ்காரம்மா ஒருத்தி வந்து நின்றாள். "ஏமண்டி, ஏம் ஜருகுதுந்தி இக்கட?" என்று, இங்கே என்ன நடக்கிறது எனத் தெலுங்கில் கேட்டாள். யாரோ போய், இரண்டு கிழவர்கள் துப்பாக்கி, தோட்டா என்று பேசுகிறார்கள் எனச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்திருக்க எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படுத்தபடியே அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள். "உக்காந்து டீ குடிங்க சார். சுடாதீங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் கெடும். அதனால் நான் எப்போதும் அவனுக்கு வலது பக்கம் உட்காருவேன். போகப் போக அந்தக் காதும் மந்தமானது. ஃபோனில் பேசுவது முதலில் நின்றது. நான் எவ்வளவு கத்தினாலும், "எறும்பு பேசற மாதிரி கீதுடா" என்பான். மகன் வாங்கித் தந்த காது மிஷின் விசில் அடிக்கிறதென்று சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். மெசேஜ் அனுப்பலாமே என்பீர்கள். டைப் அடித்துச் சண்டை போட முடியுமா? முகத்தைப் பார்த்து, அந்த வலது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் உண்டு. ஆகவே பாகாலா பெஞ்சு மட்டும்தான் மிச்சம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. அவன் வந்தான், உட்கார்ந்தான், குடையை எடுக்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"பையன் ஐதராபாத்துல வேலய மாத்திக்கினான். வீடு பாத்துட்டாங்க. இந்த வாரம் சாமான் ஏத்தறாங்க மச்சா."

"நீ?"

"நானும் ஒரு சாமான்தானே."

போகாதே என்று சொல்ல நான் யார்? காது கேட்காதவன் தனியாக எப்படி இருப்பான்? என் ஒற்றை அறைக்கு வா என்று கூப்பிட நாக்கு வரை வந்தது. மகனும் மருமகளும் பொன்னாகப் பார்த்துக்கொள்கிறவனை நான் எதைக் காட்டிக் கூப்பிடுவேன்? அதனால் தெரிந்த ஒரே பேச்சை எடுத்தேன். "சரி, அத்த வுடு. போன வாரம் இன்னா சொன்ன, கோக்கா உள்ள மாட்டிக்கும்னுதானே? அப்பிடில்லாம் மாட்டாதுடா, அதுல..."

அவன் என் முழங்கால் மேல் கையை வைத்தான். வெந்துபோன விரல் இருக்கிற கை.

"மச்சா, நீ சொன்னதுதான் கரெக்டு. அமெரிக்காக்காரன் துப்பாக்கிதான் ஒசத்தி. உன் கை மாதிரி கையி கீறவனுக்கு அதான் சரி. நான் ஒத்துக்கறேன்."

இத்தனை வருஷமாக இதைக் கேட்கத்தான் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கேட்டதும் அவன் கையைத் தட்டிவிட்டேன். ஓய்வு பெறுகிற அன்று துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுப்போம். அப்படித்தான் எங்கள் சண்டையைத் துடைத்து என்னிடம் நீட்டுகிறான். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

"எவன்டா உன்ன ஒத்துக்கச் சொன்னது?" என்று அவன் காதில் கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல மச்சா, யோசிச்சுப் பாத்தேன்..."

"நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். நீ மொதல்ல சொன்னதுதான் கரெக்டு. அமெரிக்காக்காரன் துப்பாக்கி குப்பை. உள்ளுக்குள்ள கோக்கா மாட்டிக்கினா எவனுக்குத் தெரியும்? வெரல எங்க வுட்டு இழுப்ப? ரேஞ்சுல முன்னாடி போய் வுழுந்தா எவன் பொறுக்கறது?"

அவன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். "டே, அது நான் சொன்னது."

"ஆமா. அதான் கரெக்டுங்கறேன்."

"அப்ப பீச்சாங்கைக்காரன் இன்னாடா பண்ணுவான்?"

"சோத்தாங்கையால சுடட்டும். நான் சுடல? செத்தா பூட்டேன்?"

அதைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே எழுந்தான். மடக்குக் குடையை எடுத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை இடது தோளில் வைத்தான். கன்னத்தைச் சாய்த்தான். கையெல்லாம் தாறுமாறாக இருந்தது.

"இப்பிடி வெச்சிப் பாரு! இஸ்ரேல்காரன் துப்பாக்கில வலப்பக்கம் கோக்கா வந்தா எங்கடா வுழும்? மூஞ்சி மேல! நெருப்பு மாதிரி வந்து மூஞ்சி மேல வுழும்! மாத்த எவன் வுடுவான்? உஸ்தாத் ஒரு ஸ்க்ரூவத் தொட வுடுவானா? உனக்கு அறிவு கீதா?"

என் பேச்சை, நான் பேசியதை, எனக்காக என்னிடமே கத்திக்கொண்டிருந்தான். நானும் விடவில்லை. நீளக்குடையைத் தூக்கிக்கொண்டு அவன் விரலைப் பிடித்து ஆட்டி, இந்த விரலைக் கேட்டுப் பார் என்றேன். அதை மட்டும் பேசாதே என்றான். அப்படித்தான் பேசுவேன் என்றேன். போலீஸ்காரம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வராமல் திரும்பிப் போனாள். திருப்பதி ரயில் வந்து நின்றது. அவன் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. வண்டி நகர்ந்தபோது குடையை ஜன்னல் கம்பிக்குள் இடது தோளில் வைத்துக் காட்டிக்கொண்டே போனான். போய்ட்டு வரேன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பாகாலாவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனேன். எங்கள் பெஞ்சில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீளக்குடையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டீக்கடைக்காரர் தெலுங்கில், இன்னொருவர் வரவில்லையா என்றார். தலையை ஆட்டிவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் வங்கியில் மதிய நேரம். ஃபோன் அடித்தது. அவன் பெயர். மகன் அழைக்கிறானோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று எழுந்து நின்றேன். எடுத்தால் அவனே.

"மச்சா, நீ பேசறது எனக்குக் கேக்காது. அதனால நான் சொல்றத கேளு. அந்தக் கோக்கா மாட்டிக்கறது கீதே, அதுக்கு அமெரிக்காக்காரன் ஒரு மூடி வெச்சிக்கிறான். தெறந்தா எல்லாம் தெரியுது. புது வீடியோ பாத்தேன். இதுக்கு இன்னா சொல்ற?"

சொல்லிவிட்டு நிறுத்தினான். எனக்கு நேரம் விடுகிறான். நான் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல் ஓரமாக ஒதுங்கி, மூடி சேற்றில் அடைத்துக்கொள்ளும், மழையில் எப்படித் திறப்பாய் என்று முழுதாகச் சொன்னேன். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, "ம், சொல்லிட்டியா? நீ இன்னா சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியும், அது தப்பு" என்று அவன் மறுபடி ஆரம்பித்தான். நானும் மறுபடி பதில் சொன்னேன். ஒரு சொல்லும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசியில் பேச்சை நிறுத்தி, "லைன்ல கீறியா மச்சா?" என்றான்.

கீறேன்டா என்றேன்.

"கீறியா?"

கத்தினேன். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சரி, கேக்கல. ஃபோன்ல நேரம் ஓடிக்கினே கீது. ஓடற வரைக்கும் நீ கீறன்னு வெச்சிக்கறேன்" என்றான். அப்புறம் அவன் மூச்சும், பின்னால் எங்கேயோ ஐதராபாத் வண்டிகளின் ஹாரனும் மட்டும் கேட்டன. டோக்கன் எண் ஒன்று மாறி, ஒரு அம்மா எழுந்து கவுண்டருக்குப் போனாள். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அந்த ஓடுகிற நேரத்தைப் பார்த்தபடி, கட் பண்ணாமல் நின்றுகொண்டிருந்தேன்.